படகுத் துறைக்கு யார் பொறுப்பு?

ஊரிலிருந்து யார் வந்தாலும் ஸ்காபரோக்காரர் அவர்களைக் கூட்டிக்கொண்டு போகும் இடங்களில் ஒன்று புளஃபர்ஸ் பார்க். பிரிம்லி வீதியில் தெற்கே போய், அது முடியும் இறக்கத்தில் இறங்கினால் ஒரு பக்கம் வெளிறிய மண்குன்றுகள், மறுபக்கம் ஒன்ராறியோ ஏரி. வந்தவர் குன்றைப் பார்த்து வியப்பார், மணலில் கொஞ்சம் நடப்பார், பிறகு கண் படகுகள் பக்கம் போகும். வரிசை வரிசையாகப் பாய்மரங்கள். "இதெல்லாம் ஆற்றை?" என்று கேட்பார். "பணக்காரரின்ரை" என்று சொல்லிவிட்டு நாங்கள் சாப்பாட்டுப் பெட்டியைத் திறப்போம்.

அந்தப் பதில் முக்கால்வாசி பிழை. தேத்தண்ணியை ஊற்றிக்கொண்டு வந்து இருங்கள், ஆறுதலாகச் சொல்கிறேன்.

முதலில் நிலம். அந்தப் பூங்காவில் நாம் காலால் மிதிக்கும் தரையின் பெரும்பகுதி ஒரு காலத்தில் தண்ணீர். 1970களில் ஏரிக்குள் மண்ணும் கட்டட இடிபாடும் கொட்டி உருவாக்கினார்கள். செய்தது ரொறன்ரோ வட்டாரப் பாதுகாப்பு ஆணையம். 1954இல் ஹேசல் சூறாவளி இந்த நகரத்தை அடித்து நொறுக்கிய பிறகு, வெள்ளத்தையும் கரை அரிப்பையும் கவனிக்கவென்று 1957இல் ஏற்படுத்தப்பட்ட அமைப்பு அது. கொட்டிய மண் ஏரிக்குள் கைபோல நீண்டு வளைந்ததால் உள்ளே அலையடிக்காத நீர் கிடைத்தது. அலையடிக்காத நீர் கிடைத்தால் படகு வரும். ஆக, நிலமும் நீரும் பொது. அதில் யாருக்கும் உறுதி எழுதிக் கொடுக்கவில்லை.

அங்கே தனியார் மரினா ஒன்று உண்டு. அதைவிட நான்கு கழகங்கள் உண்டு: புளஃபர்ஸ் பார்க், கதீட்ரல் புளஃப்ஸ், ஹைலண்ட், ஸ்காபரோ புளஃப்ஸ். இவற்றில் பெரும்பாலானவை குத்தகைக்கு இடம் எடுத்து, அதில் தாங்களே மிதவைமேடைகளை அமைத்து, தாங்களே நடத்துபவை. இந்த வகையைச் 'சுய உதவிக் கழகம்' என்பார்கள். பெயரில் யொட் கிளப் என்று இருப்பதால் வெள்ளைச் சீருடைப் பணியாளர் தட்டில் பானம் கொண்டுவருவார் என்று நினைத்துவிடாதீர்கள். இங்கே மேடையின் பலகை உடைந்தால் ஆணியும் சுத்தியலும் எடுத்துக்கொண்டு போவது உறுப்பினர்தான். அவர் வார நாட்களில் ஆசிரியராகவோ, மின்வினைஞராகவோ, ஓய்வுபெற்ற தபால்காரராகவோ இருப்பார். படகும் பெரும்பாலும் நாற்பது வருடப் பழசு. புதுக் கார் வாங்கும் காசில் பாதிக்கும் குறைவாகவே அதை வாங்கியிருப்பார்.

இந்தக் கழகங்கள் எப்படி ஓடுகின்றன என்று பார்க்க விரும்பினால் வசந்தத்தில் படகு இறக்கும் நாளில் போங்கள். குளிர்காலத்தில் ஏரியின் ஓரமும் துறையும் உறைந்துவிடும் என்பதால் ஒக்ரோபரில் எல்லாப் படகுகளையும் கரையில் ஏற்றி, இரும்புத் தாங்கிகளில் நிறுத்தி, தார்ப்பாய் போர்த்திவிடுவார்கள். ஏப்ரல் கடைசியில் அல்லது மே மாதத்தில் மறுபடி இறக்க வேண்டும். அதற்கென்று பெரிய பாரந்தூக்கி வாடகைக்கு வரும். அது நிற்கும் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் காசு. ஆகவே விடியமுதல் எல்லாரும் வந்துவிடுவார்கள். ஒரு குழு படகின் வயிற்றுக்குக் கீழே பட்டி மாட்டும். ஒரு குழு முன்னும் பின்னும் கயிறு பிடித்து, தூக்கிய படகு காற்றில் சுழலாமல் பார்க்கும். ஒரு குழு தண்ணீரில் இறங்கியதை மேடைவரை இழுத்துக் கட்டும். ஒருவர் மட்டும் பாரந்தூக்கிச் சாரதிக்குக் கைகாட்டுவார். அவரைத் தவிர வேறு யாரும் கை அசைக்கக் கூடாது என்பது விதி. நாலைந்து தொன் எடை தலைக்கு மேலே தொங்கும்போது ஆளுக்கொரு யோசனை சொல்ல முடியாதல்லவா? சமையல் குழு காலைச் சாப்பாட்டைப் பார்த்துக்கொள்ளும். ஊரில் சிரமதானம் பார்த்து வளர்ந்தவர்களுக்கு இதில் புதிதாக எதுவும் தெரியாது, குளிரைத் தவிர.

ஒவ்வொரு உறுப்பினரும் வருடத்துக்கு இத்தனை மணி நேரம் வேலை செய்ய வேண்டும் என்று கணக்கு உண்டு. செய்யாவிட்டால் காசு கட்ட வேண்டும். இந்த விதியைச் சும்மா என்று நினைக்காதீர்கள். துறையின் செலவைக் குறைவாக வைத்திருப்பது இதுதான். காவலாளி, தோட்டக்காரர், தச்சர், கணக்கர் என்று ஒவ்வொருவருக்கும் சம்பளம் கொடுத்தால் கட்டணம் தனியார் மரினா அளவுக்கு ஏறிவிடும், ஆசிரியரும் தபால்காரரும் காணாமல் போவார்கள்.

இது ஒரு நகரத்து ஏற்பாடு. நாட்டளவில் கனடாவில் இதைவிடப் பெரிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது. அதன் கதை மீனவர்களிடமிருந்து தொடங்குகிறது.

கனடாவின் மூன்று கடற்கரைகளிலும் ஏரிகளிலும் சின்னச் சின்ன அரசாங்கத் துறைகள் ஏராளம். மீன்பிடிப் படகும் உல்லாசப் படகும் இரண்டும் கட்டும் இடங்கள். மத்திய அரசின் மீன்வளத் திணைக்களத்தில் சிறுபடகுத் துறைகளுக்கென்று ஒரு பிரிவு உண்டு, 1978இல் இயற்றிய தனிச் சட்டமும் உண்டு. முன்பு இவற்றை ஒட்டாவா தன் கையில் வைத்திருந்தது. ஊரில் துறைப் பொறுப்பாளர் ஒருவர் இருப்பார். படகுக்காரரிடம் கட்டணம் வாங்குவார். அந்தக் காசு ஒட்டாவாவின் பொதுத் திறைசேரிக்குப் போகும். துறையில் விளக்கு எரியாவிட்டால் ஒட்டாவாவுக்கு எழுத வேண்டும். எழுதினால் பதில் வர ஒரு பருவம் போய்விடும்.

இதில் யாருக்குக் கட்டணம் கொடுக்க மனம் வரும்? கொடுத்த காசு திரும்பி வராது என்று தெரிந்தால் படகுக்காரர் ஒளிந்து திரிவார். வாங்க வேண்டியவரும் அயலவர்தானே, கண்டும் காணாமல் விடுவார். துறை பழுதாகும்.

1980களின் பிற்பகுதியில் வழியை மாற்றினார்கள். துறையைப் பயன்படுத்துபவர்களே சேர்ந்து இலாப நோக்கற்ற சங்கம் ஒன்றைப் பதிவு செய்வது. அதற்குத் துறை அதிகாரசபை என்று பெயர். அரசு துறையை அந்தச் சபைக்குக் குத்தகைக்குக் கொடுக்கும். கட்டணத்தைச் சபையே தீர்மானிக்கும், சபையே அறவிடும், அதே துறையில் சபையே செலவழிக்கும். இன்று இப்படி 500க்கும் மேற்பட்ட சபைகள் இயங்குகின்றன. இயக்குநர்கள் சம்பளம் வாங்காத உள்ளூர்க்காரர்கள். முழு மாற்றமும் அந்தக் காசுப்பெட்டி யார் கையில் இருக்கிறது என்பதில்தான். பெட்டி ஊரில் இருந்தால், கட்டணம் கட்டாமல் ஓடும் படகை ஊரே பார்த்துக்கொள்ளும்.

எங்களுக்கும் இந்தத் துறைகளுக்கும் ஒரு பழைய கடன் உண்டு. 1986 ஓகஸ்ட் 11ஆம் திகதி நியூஃபவுண்லாந்துக்கு அப்பால் இரண்டு உயிர்காப்புப் படகுகளில் மிதந்துகொண்டிருந்த 155 தமிழரைக் கண்டு ஏற்றிக்கொண்டு வந்தவர்கள், இப்படியான சிறு துறைகளிலிருந்து தொழிலுக்குப் போகும் மீனவர்கள். கனடாத் தமிழர் வரலாற்றைச் சொல்லும்போது அந்த மீன்பிடிப் படகுகளைச் சொல்கிறோம். அவை கட்டப்பட்டிருந்த துறைகளை யார் பராமரிக்கிறார்கள் என்று யோசிப்பதில்லை.

இனி, முக்கியமான இடத்துக்கு வருகிறேன். ஊர் பொறுப்பேற்றது என்றால் எல்லாவற்றையுமா ஏற்றது? இல்லை. ஏற்கவும் கூடாது. வாடகை வீட்டில் இருப்பவர் குப்பை கூட்டுவார், குமிழ் மாற்றுவார். கூரை போனால் வீட்டுக்காரர்தான் வர வேண்டும். துறையிலும் அதே கணக்கு. கட்டணம் அறவிடுவது, இடம் ஒதுக்குவது, பலகை மாற்றுவது, குப்பையும் கழிவெண்ணெயும் அகற்றுவது சபையின் வேலை. அலைதடுப்பு அணை, அடிமரத் தூண்கள், துறை வாயிலைத் தோண்டி ஆழப்படுத்துவது ஆகியவை அரசின் வேலை. இந்தப் பிரிவு எங்கே தெளிவாக இருக்கிறதோ அங்கே துறை பிழைக்கிறது.

ஏன் என்பதற்கு நம் புளஃபர்ஸ் பார்க்கே சாட்சி. அந்தக் குன்றுகள் ஆயிரக்கணக்கான வருடங்களாக அரிபட்டுக்கொண்டே இருக்கின்றன. அரிபட்ட மணலை அலைகள் மேற்கே தள்ளுகின்றன. ரொறன்ரோத் தீவுகளே அப்படிப் போய்ச் சேர்ந்த மணலால் ஆனவை. முன்பு அது தரையோடு ஒட்டிய மணல்முனை. 1858இல் அடித்த புயல் நடுவே வெட்டியதால்தான் தீவாயிற்று. இந்த மணல் ஓட்டத்தின் குறுக்கே பூங்காவைக் கட்டினார்கள். மணல் ஒரு பக்கத்தில் சேர்ந்து நாம் குளிக்கும் மணற்கரையாகியது, நல்லது. மிச்சம் சுற்றிவந்து படகு நுழையும் வாயிலில் படிகிறது. பாய்ப்படகுக்கு அடியில் ஆழமாக ஒரு கத்தி உண்டு, ஒன்றரை, இரண்டு மீற்றர் இறங்கும். வாயில் தூர்ந்தால் தட்டிவிடும். ஆகவே பாதுகாப்பு ஆணையம் திரும்பத் திரும்ப வந்து தோண்டுகிறது. அந்தச் செலவை நாலு கழகத்தின் தலையில் போட்டால் ஒரே பருவத்தில் நாலும் மூடுவிழா நடத்தும். சமையல் குழு எவ்வளவு கோப்பி விற்றாலும் காணாது.

தண்ணீர் ஏறுவதும் அப்படித்தான். 2017இல் ஒன்ராறியோ ஏரி 75.88 மீற்றருக்கு ஏறியது. ரொறன்ரோத் தீவுப் பூங்காவை மாதக்கணக்கில் மூடினார்கள். நூற்றாண்டில் ஒருமுறை என்று சொல்லி வாய் மூடமுன் 2019இல் 75.92 மீற்றர். மிதவைமேடை தண்ணீரோடு சேர்ந்து உயரும், அதனால் தப்பும். ஆனால் கரையிலிருந்து மேடைக்கு இறங்கும் சாய்பாலம் எதிர்ப்பக்கமாகச் சாயும், கரையோரத் தரையும் மின்பெட்டியும் முழுகும், மின்சாரத்தை நிறுத்த வேண்டிவரும். மணல்மூட்டை அடுக்கக் கழகத்து ஆட்களால் முடியும், அடுக்கினார்கள். கரையையே உயர்த்திக் கட்ட அவர்களால் முடியாது. 2022 செப்ரெம்பரில் ஃபியோனா சூறாவளி அத்திலாந்திக் கரையைத் தாக்கியபோது நூற்றுக்கும் மேற்பட்ட சிறு துறைகள் பழுதடைந்தன. துறைகளைத் திருப்பிக் கட்ட மத்திய அரசுதான் பணம் ஒதுக்கியது. எந்த ஊர்ச் சபையின் வங்கிப் புத்தகத்திலும் அலைதடுப்பு அணைக்கான காசு இருக்காது.

இதை ஏன் இவ்வளவு அழுத்துகிறேன் என்றால், 'மக்கள் பங்களிப்பு' என்ற அழகான பெயரில் அரசு கைகழுவும் தந்திரமும் உண்டு. 1990களின் நடுவில் ஒட்டாவா செலவைக் குறைக்க இறங்கியபோது, மீன்பிடித் துறைகளை மட்டும் வைத்துக்கொண்டு உல்லாசப் படகுத் துறைகளைக் கைமாற்றத் தொடங்கியது. மாகாணம், நகரசபை, முதற்குடிகள், இலாப நோக்கற்ற சங்கம் என்று யார் கேட்டாலும் பெயரளவு விலைக்குக் கொடுக்கலாம். முதலில் திருத்திக் கொடுப்பார்கள், அல்லது திருத்தக் காசு கொடுப்பார்கள். வாங்குபவர் குறைந்தது ஐந்து வருடம் பொதுமக்களுக்குத் திறந்து வைத்திருக்க வேண்டும்.

ஐந்து வருடம்! ஓர் அலைதடுப்பு அணையின் ஆயுள் ஐம்பது வருடம் என்று வைத்துக்கொண்டாலும், வாக்குறுதியின் ஆயுள் அதில் பத்தில் ஒரு பங்கு. ஆறாவது வருடம் சங்கம் களைத்துப்போனால் துறை எங்கே போகும்? இந்த விதியை எழுதியவர் எந்தச் சங்கத்திலும் பொருளாளராக இருந்திருக்க மாட்டார் என்பது என் ஊகம்.

கைமாற்றத்தைக் கொஞ்சம் புத்தியோடு செய்த இடமும் உண்டு. பிரிட்டிஷ் கொலம்பியாவில் வன்கூவர் தீவுக்கும் தரைப்பகுதிக்கும் இடையில் கல்ஃப் தீவுகள் என்று ஒரு கூட்டம். கலியானோ, மேய்ன், பெண்டர், சற்றேனா என்று பல. மத்திய அரசு விட்ட துறைகளை அங்கே விக்ரோறியாவைத் தலைமையிடமாகக் கொண்ட வட்டார அரசு எடுத்துக்கொண்டது. ஆனால் நடத்துவதற்குத் தீவுக்காரரையே கொண்ட ஆணைக்குழு ஒன்றை வைத்தது. படகுக் கட்டணத்தோடு தீவின் வீட்டுவரியிலிருந்தும் சிறு பங்கு போகிறது. படகில்லாதவரும் கட்டுகிறார். கட்டத்தான் வேண்டும், ஏனென்றால் தீவில் இறங்குதுறை என்பது வீதி. நோயாளியை ஏற்றுவதும் அதில்தான். எனக்குத் தெரிந்தவரையில் இதுதான் நல்ல கலவை: உடைமையும் பெருஞ்செலவும் தேர்தலில் நிற்கும் அரசிடம், அன்றாட முடிவு அந்தத் துறையில் கால் வைப்பவரிடம்.

அந்தக் கரையில் பொதுத் துறையைத் தூரத்திலிருந்தே அடையாளம் காணலாம், கைப்பிடிகளுக்குச் சிவப்பு வர்ணம் பூசியிருப்பார்கள். அங்கே பழக்கம் ஒன்று உண்டு, எனக்கு நிரம்பப் பிடித்தது. இடம் முன்பதிவு செய்து பூட்டி வைப்பது குறைவு, முதலில் வந்தவருக்கு முதல் இடம். மேடை நிரம்பிவிட்டதா? உங்கள் படகை ஏற்கெனவே கட்டியிருப்பவரின் படகோடு பக்கத்தில் அணைத்துக் கட்டலாம். அவர் மறுக்கக் கூடாது. மூன்றாவதாக வருபவர் உங்களோடு கட்டுவார். கரைக்குப் போக வேண்டுமென்றால் மற்றவர் படகின் முன்தளத்தால் மெல்ல நடந்து போக வேண்டும், ஆள் இருக்கும் பின்பக்கத்தால் போகாமல். மீன்பிடிப் படகு வந்தால் உல்லாசப் படகு ஒதுங்கும். கோடையில் மீன்படகுகள் தொழிலுக்குப் போய்த் துறை வெறுமையாகும்போது உல்லாசப் படகுகள் வந்து நிரப்பிக் கட்டணம் கட்டும், அந்தக் காசில் மாரியில் மீனவருக்கு விளக்கு எரியும். சால்ட் ஸ்பிரிங் தீவின் கேஞ்சஸ் துறை போன்றவை இப்படித்தான் நடக்கின்றன.

சங்கங்களைப் புகழ்ந்தே போனால் நீங்கள் நம்பமாட்டீர்கள். சங்கத்தில் இருந்த எவருக்கும் தெரியும், சங்கம் என்றால் சண்டையும் உண்டு. ஆனால் சண்டையைவிடப் பெரிய நோய் கதவடைப்பு. பொது நிலத்தில் இருக்கும் கழகம் மெல்ல மெல்ல 'எங்கள் ஆட்களின்' கழகமாகும். ஒரு வேலி, ஒரு பூட்டு, பிறகு 'உறுப்பினர் மட்டும்' என்ற பலகை. திருட்டுப் பயம் நியாயமானது, மேடையில் சிறுபிள்ளைகள் விழும் பயமும் நியாயமானது. ஆனால் காத்திருப்போர் பட்டியலை யார் வைத்திருக்கிறார், அதை யார் பார்க்கலாம், மகனுக்கு அப்பாவின் இடம் தானாகப் போகுமா என்ற கேள்விகளுக்குக் குத்தகையிலேயே பதில் எழுதியிருக்க வேண்டும். எழுதாவிட்டால் பொதுப் படகுத்துறை இரண்டு தலைமுறையில் குடும்பச் சொத்து.

அடுத்தது அநாதைப் படகு. கண்ணாடியிழைப் படகுகள் 1960, 70களில் மலிந்தன. அவை உக்குவதில்லை, மரம்போல எரித்துவிட முடியாது, உடைத்து அகற்ற ஆயிரக்கணக்கில் டொலர் வேண்டும். உரிமையாளர் இறந்துவிடுவார், அல்லது கட்டணம் கட்டாமல் மறைந்துவிடுவார். படகு மட்டும் மேடையில் சாய்ந்து நிற்கும், ஒருநாள் தாழும், எண்ணெய் மிதக்கும். 2019இல்தான் கனடாவில் படகைக் கைவிடுவதே குற்றம் என்று சட்டம் வந்தது. அதற்கு முன்பு சின்னச் சபைகள் இந்தச் சுமையோடு தனியே மல்லுக்கட்டின. இன்றும் நல்ல சபை செய்யும் முதல் காரியம், படகு உள்ளே வரும்போதே காப்புறுதிப் பத்திரத்தைக் கேட்பது.

மூன்றாவது குறை கண்ணுக்குத் தெரியாதது. அதற்குச் சுவீடனைப் பார்க்க வேண்டும், ஏனென்றால் படகுக் கழகங்களின் தாய்வீடு என்று அதைச் சொல்லலாம். ஸ்டொக்ஹோமில் நகரசபை நிலத்தையும் நீரையும் கழகங்களுக்குக் குத்தகைக்கு விடுகிறது. உறுப்பினர் முறைபோட்டு இரவில் துறையைக் காவல் காக்கிறார்கள். கட்டணம் நம்ப முடியாத அளவுக்கு மலிவு, சாதாரணத் தொழிலாளிக்கும் படகு சாத்தியம். ஆனால் பல பத்தாண்டுகளாக ஒவ்வொரு வசந்தத்திலும் அந்தக் கரைகளில் என்ன நடந்தது? படகின் அடியில் பாசியும் சிப்பியும் பிடிக்காமலிருக்கப் பூசிய நச்சு வர்ணத்தைச் சுரண்டி நிலத்தில் கொட்டினார்கள். செம்பு, ஈயம், ரிபியூட்டைல் தகரம். அந்தத் தகரச் சேர்மத்தை ஐரோப்பாவில் 25 மீற்றருக்குக் குறைந்த படகுகளுக்கு 1989இலேயே தடைசெய்தார்கள். ஆனாலும் அண்மைக்காலத்தில் படகுகளைக் கருவி வைத்துச் சோதித்தபோது பழைய பூச்சுகளுக்கு அடியில் அது இன்னும் இருந்தது. இப்போது மண்ணைச் சுத்தம் செய்ய வேண்டும். நிலம் நகரத்துடையது, கொட்டியது கழகத்தார், அவர்களில் பலர் உயிரோடு இல்லை. யார் காசு கொடுப்பது? இன்றைய உறுப்பினர் மட்டும் என்றால் அது அநியாயம். நகரம் முழுவதும் என்றால் படகில்லாதவர் ஏன் என்று கேட்பார். ஊர் கூடி நடத்தும் துறையில் ஊர் கூடிச் செய்த பிழைக்குக் கணக்குக் கேட்பது கஷ்டம். அதனால்தான் கழுவும் நீரைச் சேகரிக்கும் தளம், வர்ணம் சுரண்டும்போது விரிக்கும் பாய் போன்ற சில்லறை விதிகளில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

கடைசியாக ஆள். சபைகளின் தலைவர்களுக்கு வயது ஏறுகிறது. செயலாளர் பதவிக்கு நிற்க ஆளில்லாமல் அதே மனிதர் வருடாவருடம் தொடர்கிறார். சுற்றாடல் திட்டம், காப்புறுதி, பாதுகாப்பு விதி என்று அரசு கேட்கும் தாள்கள் கூடுகின்றன, ஆள் கூடவில்லை. தொண்டர் செய்வார் என்று நம்பி அரசு அலுவலரைக் குறைத்தால், தொண்டரும் போன பிறகு துறையில் யாரும் இருக்கமாட்டார்கள். சில சபைகள் சேர்ந்து வைத்துக்கொள்ளும் ஓர் எழுத்தருக்கான சம்பளத்தை அரசு கொடுப்பது அலைதடுப்பு அணை கட்டுவதைவிட மிக மலிவு. கொடுக்கட்டும்.

நமக்கு இதில் என்ன? வடமராட்சிக் கரையில் யார் வள்ளத்தை எங்கே இழுத்து வைப்பது, வலைப் பிணக்கை எப்படித் தீர்ப்பது என்று கடற்றொழிலாளர் சங்கங்கள் கூடிப் பேசி முடிவெடுக்கும் வழக்கத்தைக் கண்டவர்கள் நாம். ஸ்காபரோவில் கோயிலும் பழைய மாணவர் சங்கமும் நடத்தத் தெரிந்தவர்கள். கணக்கறிக்கையை வாசித்து மூன்று மணித்தியாலம் விவாதிக்கும் திறமை எங்களிடம் தேவைக்கு மேல் உண்டு. ஆனால் வீட்டிலிருந்து பத்து நிமிடத்தில் இருக்கும் துறையில் நம்மவர் முகம் அரிது. படகு வாங்கத்தான் வேண்டும் என்றில்லை. பாய்மரக் கழகங்களில் பந்தய மாலைகளில் ஆள் பற்றாத படகு பெரும்பாலும் ஒன்றாவது இருக்கும். கயிறு இழுக்க வருகிறேன் என்று சொன்னால் அனுபவமில்லாதவரையும் ஏற்றிக்கொள்வார்கள். வருகிற மே மாதத்தில் ஒருநாள் கழக வாசலில் போய்க் கேட்டுப் பாருங்கள். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள், உயிர்காப்பு அங்கியை மறக்க வேண்டாம், ஏரித் தண்ணீர் மே மாதத்திலும் பனிக்கட்டிக்குப் பக்கத்தில்தான் இருக்கும்.